முகத்தில் ஃபில்லர் போடப் போகிறீர்களா? டாக்டரைத் தேடுவதிலிருந்து வீட்டுக்கு வந்து கவனிப்பது வரை

ஃபில்லர் போட வேண்டும் என்று கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலருக்குத் தேவைப்படுவது ஃபில்லரே இல்லை. நெற்றிச் சுருக்கத்தைக் காட்டி ஃபில்லர் கேட்பார்கள், அதற்கு வேண்டியது போட்டாக்ஸ். கண்ணுக்குக் கீழே கருப்பாக இருக்கிறது என்பார்கள், அது தோலின் நிறமாக இருக்கும், எத்தனை ஊசி போட்டாலும் மாறாது. நான் சென்னையில் ஒரு தோல் கிளினிக்கில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவள், டாக்டர் இல்லை. அதனால் ஊசியை எப்படிப் போடுவது என்று இங்கே எழுதப் போவதில்லை. ஊசி முகத்துக்கு வருவதற்கு முன்னால் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும், அன்றைக்கு அறையில் எதைப் பார்க்க வேண்டும், வீட்டுக்கு வந்த பிறகு எது சாதாரணம், எதற்கு உடனே ஓட வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான். என்னைக் கேட்டால் அது நான்காவதோ ஐந்தாவதோ கேட்க வேண்டிய கேள்வி. யார் போடுகிறார், எந்த இடத்தில் போடுகிறார், ஏதாவது ஆனால் ஃபில்லரைக் கரைக்கும் மருந்து அதே கட்டடத்தில் இருக்கிறதா, இவை தெரிந்த பிறகு பிராண்டுக்கு வரலாம்.

1. வேண்டியது ஃபில்லர்தானா என்று பாருங்கள்

போட்டாக்ஸ் தசையைத் தளர்த்துகிற மருந்து. சிரிக்கும்போதும் புருவத்தைச் சுளிக்கும்போதும் விழும் கோடுகளுக்கு அது, மூன்று நான்கு மாதத்தில் வேகம் குறைந்துவிடும். ஃபில்லர் என்பது ஜெல். தோலுக்கு அடியில் வைத்தால் பள்ளத்தை நிரப்பும், தாடை, கன்னம் மாதிரி எலும்பு இருக்கும் இடங்களில் வடிவத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். வயது ஏறும்போது கன்னத்துக் கொழுப்பு வற்றுகிறது, அடியில் இருக்கும் எலும்பும் கொஞ்சம் உள்வாங்குகிறது, கிடுகிடுவென்று எடை குறைத்தவர்களுக்கு இது சீக்கிரமே வரும். அந்த மாதிரி இழப்புக்கு ஃபில்லர் நன்றாகவே வேலை செய்யும். தளர்ந்து தொங்கும் தோலை அது தூக்காது. தூக்குகிறேன் என்று சிரிஞ்சு மேல் சிரிஞ்சாக ஏற்றினால் முகம் உப்பிப் போவதுதான் மிச்சம்.

கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமைக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கையில் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு நேராக நின்று, வெளிச்சம் முகத்தில் நேரே விழும்படி பாருங்கள். தலைக்கு மேல் டியூப்லைட் எரியும்போது தெரிந்த கருமை இப்போது பெரும்பாலும் காணாமல் போனால் அது பள்ளத்தின் நிழல், அதற்கு ஃபில்லர் பற்றி யோசிக்கலாம். எந்த வெளிச்சத்திலும் பழுப்பாகவே இருந்து, விரலால் தோலை மெல்ல இழுத்தாலும் அந்த நிறம் தோலோடு சேர்ந்தே நகர்ந்தால் அது நிறமி. நம் ஊர்த் தோலில் இது மிகவும் சகஜம், குடும்பத்தில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் இருந்திருக்கும். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும், அப்போது ஃபில்லர் பாதியைத்தான் சரிசெய்யும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. கண்ணுக்குக் கீழே ஏற்கெனவே பை மாதிரி வீங்கி இருப்பவர்கள், காலையில் எழுந்ததும் கண் உப்பும் ஆட்கள், அலர்ஜியால் அடிக்கடி கண்ணைத் தேய்ப்பவர்கள் இங்கே ஃபில்லரைத் தவிர்ப்பதே மேல். இந்த ஜெல் தண்ணீரை இழுக்கும், வீக்கம் இன்னும் கூடும்.

2. எந்தப் பொருள்

இப்போது முகத்தில் பெரும்பாலும் போடுவது ஹைலுரானிக் அமில ஜெல். இந்தப் பொருள் நம் உடம்பிலேயே இருக்கிறது. 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். தோலில் இயல்பாக இருக்கும் ஹைலுரானிக் அமிலம் ஓரிரு நாளில் சிதைந்துவிடும், அதை அப்படியே ஊசியில் போட்டால் பயனில்லை. அதனால் பிடிடிஇ என்ற வேதிப்பொருளால் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து மாதக்கணக்கில் நிற்கும்படி செய்கிறார்கள். 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாட்டுக் கொலாஜன் ஃபில்லருக்கு முன்கையில் அலர்ஜி சோதனை செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது, பலன் சில மாதங்களே நின்றது. ரெஸ்டிலேன் என்ற ஹைலுரானிக் அமில ஃபில்லர் 1996இல் ஐரோப்பாவுக்கும் 2003இல் அமெரிக்காவுக்கும் வந்த பிறகு கொலாஜன் மெல்ல ஓரங்கட்டப்பட்டது.

ஹைலுரானிக் அமிலத்தின் பெரிய லாபம் அது கரையும் என்பதுதான். ஹைலுரானிடேஸ் என்ற நொதியை ஊசியில் போட்டால் ஜெல் சில மணி நேரத்திலேயே கரையத் தொடங்கும். முதல்முறை போடுகிறவர்கள் இதைத் தவிர வேறு எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வேறு வகை ஃபில்லர்களில் ரேடியஸ் என்பது கால்சியம் ஹைட்ராக்சிலபடைட், ஸ்கல்ப்ட்ரா என்பது பாலி லாக்டிக் அமிலம். இரண்டும் கைதேர்ந்தவர் கையில் நல்ல பொருட்கள்தான், ஆனால் ஹைலுரானிடேஸ் இவற்றைக் கரைக்காது. பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக் மணிகள் கலந்த ஃபில்லர் நிரந்தரமாக உள்ளேயே இருக்கும். திரவ சிலிக்கானை யாராவது முகத்தில் போடுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பல வருடம் கழித்துக்கூடக் கட்டி கட்டியாகக் கிளம்பும், அறுத்து எடுப்பதும் சுலபமில்லை. 'உங்கள் சொந்தக் கொழுப்புதானே, ஒன்றும் ஆகாது' என்று விற்கப்படும் கொழுப்பு ஊசியையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏன் என்று கீழே வருகிறது.

ஹைலுரானிக் அமிலத்திலேயே ஒவ்வொரு கம்பெனியும் நான்கைந்து வகை விற்கிறது. ஜுவிடெர்ம் என்ற பிராண்டில் வோல்பெல்லா 15 மில்லிகிராம், வோலுமா 20, வோலக்ஸ் 25, இதெல்லாம் ஒரு மில்லிலிட்டரில் இருக்கும் அளவு. எண் கூடினால் உசத்தி என்று அர்த்தமில்லை. அளவோடு பிணைப்பும் சேர்ந்துதான் ஜெல்லின் கெட்டித்தன்மையைத் தீர்மானிக்கிறது. ஒன்று தயிர் மாதிரி இளகிப் பரவும், இன்னொன்று அல்வா மாதிரி வைத்த இடத்தில் நிற்கும். தாடை நுனிக்கும் கன்ன எலும்புக்கும் நிற்கிறது வேண்டும், உதட்டுக்கும் கண்ணடிக்கும் இளகியது வேண்டும். தாடைக்குரிய கெட்டி ஜெல்லை மீதம் இருக்கிறதே என்று கண்ணுக்குக் கீழே போட்டால் கட்டியாகத் தட்டுப்படும். ரெஸ்டிலேன், பெலோடெரோ, டியோசியால் எல்லாவற்றிலும் இதே பிரிவினை உண்டு. அதனால் 'ஜுவிடெர்மா போடுவீங்க?' என்று கேட்பதைவிட 'என் உதட்டுக்கு அதில் எந்த வகை, ஏன்?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் உங்களுக்கே புரிந்துவிடும்.

3. யார் போடுகிறார்

நான் அதிகம் மெனக்கெடச் சொல்வது இந்த இடத்தில்தான். முகத்தின் ரத்தக் குழாய்கள் எந்த ஆழத்தில் எப்படி ஓடுகின்றன என்று படித்தவர் வேண்டும், தப்பு நடந்தால் அதைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்கத் தெரிந்தவரும் வேண்டும். எம்.டி. டெர்மட்டாலஜி, டி.டி.வி.எல்., தோல் பிரிவில் டி.என்.பி., எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி, இந்தப் படிப்புகளைத் தேடுங்கள். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று போர்டில் இருந்தால் அதற்கு அடியில் என்ன பட்டம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள், ஒரு வாரச் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். டாக்டரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ தேடிப் பார்க்கலாம். வேறு மாநிலத்தில் பதிவு செய்தவராக இருந்தால் அந்த மாநிலக் கவுன்சிலில் இருக்கும். இதைப் பார்ப்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பட்டம் மட்டும் போதாது. தோல் மருத்துவர் எல்லோரும் தினமும் ஃபில்லர் போடுவதில்லை, சிலர் மாதம் ஒன்றுகூடப் போட மாட்டார்கள். எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள், இந்த இடத்தில் வாரத்துக்கு எத்தனை பேருக்குப் போடுகிறீர்கள் என்று நேராகவே கேளுங்கள். பியூட்டி பார்லரில், ஓட்டல் அறையில், வீட்டுக்கு வந்து போடும் ஆளிடம் என்று போகவே போகாதீர்கள், அவர் டாக்டராகவே இருந்தாலும் சரி, ஏதாவது ஆனால் அங்கே மருந்து இருக்காது. ஊசியில்லாமல் அழுத்தத்தில் ஜெல்லைத் தள்ளும் 'ஹைலுரான் பேனா' என்று ஒன்று ஆன்லைனில் விற்கிறது. 2021 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்று வெளிப்படையாக எச்சரித்தது. அது எந்த ஆழத்துக்குப் போகும் என்பது யார் கையிலும் இல்லை.

4. முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

முதல் சந்திப்பு அன்றே ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். பேசிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். 'இன்றைக்கு மட்டும் தள்ளுபடி' என்று ரிசப்ஷனில் சொன்னாலும் வந்துவிடுங்கள்.

கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: "ஹைலுரானிடேஸ் இங்கே ஸ்டாக் இருக்கா, எத்தனை இருக்கு?" நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் 1500 யூனிட் பொடி, சலைன் கலந்து போடுவது. கண் அறுவைக்கு மரத்துப்போகும் ஊசியோடு சேர்ப்பதற்காக வெகு காலமாகவே புழக்கத்தில் இருக்கும் மருந்துதான், விலையும் ஃபில்லரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஜெல் ரத்தக் குழாயை அடைத்துவிட்டால் மணிக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பப் போட வேண்டிவரும், ஒரே ஒரு பாட்டில் போதாது. 'தேவைப்பட்டால் மெடிக்கலில் வாங்கிக்கொள்ளலாம்' என்பது பதில் இல்லை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

அடுத்து உங்கள் பக்கத்து விவரங்கள். மறைக்காமல் சொல்லுங்கள்: கர்ப்பம், தாய்ப்பால், தன்னெதிர்ப்பு நோய்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, தழும்பு தடித்து வளரும் உடம்பு, உதட்டில் அடிக்கடி வரும் அக்கிக் கொப்புளம் (இருந்தால் உதட்டு ஃபில்லருக்கு முன்னாலேயே மாத்திரை ஆரம்பிப்பார்கள்), முன்பு முகத்தில் எங்காவது எதையாவது போட்டிருந்தால் அது, தேனீயோ குளவியோ கொட்டி உடம்பெல்லாம் தடித்த அனுபவம். கடைசியாகச் சொன்னது சம்பந்தமில்லாத மாதிரித் தோன்றும். தேனீ விஷத்திலும் ஹைலுரானிடேஸ் இருக்கிறது, அதனால் கரைக்கும் மருந்துக்கு அலர்ஜி வர வாய்ப்பு உண்டு.

சாமுத்திரிகா லட்சணம் மாதிரி அளவுகோல் வைத்து உங்கள் முகத்தில் பத்துக் குறை கண்டுபிடிக்கும் டாக்டரை விட்டு விலகுங்கள். நல்ல டாக்டர் நீங்கள் கேட்டதில் ஒன்றையாவது வேண்டாம் என்பார்.

5. எந்த இடம், எவ்வளவு

ஒரு சிரிஞ்சு 1 மி.லி., ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. இதைக் கேட்டதும் 'இவ்வளவுதானா!' என்பார்கள். உதட்டுக்கு அரை முதல் 1 மி.லி. போதும், முதல்முறைக்கு அரையே நல்லது. கண்ணடிக்கு ஒரு பக்கம் அரை மி.லி.க்கும் குறைவுதான். தாடை நுனிக்கு ஒன்று வேண்டியிருக்கும், கன்னத்துக்கு ஒவ்வொரு பக்கமும் ஒன்று ஆகலாம். குறைவாகப் போட்டு இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துச் சேர்ப்பது சுலபம், கூடுதலாகப் போட்டதைக் குறைக்க ஊசி மேல் ஊசி.

மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கும் மடிப்பைக் காட்டி அதை நிரப்பச் சொல்வார்கள். பல நேரம் மடிப்பு வருவதற்குக் காரணம் மேலே கன்னம் வற்றியது. கன்னத்தில் கொஞ்சம் வைத்தாலே மடிப்பு தளர்ந்துவிடும். மடிப்பிலேயே அடைத்தால் சிரிக்கும்போது குரங்கு வாய் மாதிரி முன்தள்ளும், தவிர முகத்தின் முக்கியமான ரத்தக் குழாய் அந்த வழியாகத்தான் மேலே போகிறது.

மூக்கு, புருவங்களுக்கு நடு, நெற்றி ஆகியவைதான் உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடங்கள். இங்குள்ள குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைகின்றன. ஊசி முனை குழாய்க்குள் போய் அழுத்தத்தோடு ஜெல் ஏறினால் அது பின்னோக்கிப் போய் விழித்திரையின் ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். மருத்துவ இதழ்களில் பதிவான, ஃபில்லரால் பார்வை பாதித்த 98 பேரின் விவரங்களை 2015இல் ஓர் ஆய்வுக்கட்டுரை தொகுத்தது. அவர்களுக்கு ஊசி போட்ட இடங்கள்: புருவ நடு 38.8 சதவீதம், மூக்கு 25.5, மடிப்பு 13.3, நெற்றி 12.2. அந்த 98 பேரில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்குப் போட்டிருந்தது அவர்களுடைய சொந்தக் கொழுப்பு. உலகம் முழுக்கப் போடும் ஊசிகளோடு பார்த்தால் இது மிக அரிது. ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. கத்தியில்லாமல் மூக்கை நேராக்குகிறேன் என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது இந்த எண்களும் ஞாபகத்தில் இருக்கட்டும். ஏற்கெனவே மூக்கில் அறுவை செய்தவர்களுக்கு ரத்தக் குழாய்களின் இடம் மாறியிருக்கும், ஆபத்து இன்னும் கூடுதல்.

6. பணம்

பேசிய விலை ஒரு சிரிஞ்சுக்கா, ஒரு இடத்துக்கா, மொத்தத்துக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவச் சேவைக்கான வரிவிலக்கு கிடையாது, 18 சதவீத ஜிஎஸ்டி சேரும், அது உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். மருத்துவக் காப்பீட்டில் வராது. மறுபடி வந்து பார்ப்பதற்கும் பிரச்சினை வந்தால் கரைப்பதற்கும் தனிக் கட்டணமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். மற்ற இடங்களைவிடப் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் ஒரு சிரிஞ்சை இரண்டு பேருக்குப் பிரித்துப் போடுகிறார்களா என்ற சந்தேகம் வர வேண்டும். அப்படிச் செய்யவே கூடாது, ஒரு சிரிஞ்சு ஒருவருக்குத்தான். மீதியை ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த மாதம் உங்களுக்கே போடுகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

7. போவதற்கு முந்தைய இரண்டு வாரம்

மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரைகளை ஒரு வாரம் முன்னால் நிறுத்தலாம், ரத்தக்கட்டு குறையும். இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம். இதயத்துக்காக ஆஸ்பிரினோ வேறு ரத்த மருந்தோ சாப்பிடுபவர்கள் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது, அது இதய டாக்டர் முடிவு. பல் பிடுங்குவது, வேர் சிகிச்சை, பல் சுத்தம் செய்வது எல்லாம் முன்னாலும் பின்னாலும் இரண்டு வாரம் தள்ளி வையுங்கள், வாயில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து ஜெல்லில் போய் உட்காரும். முகத்தில் சீழ்ப்பரு, காய்ச்சல், சைனஸ் தொல்லை இருந்தால் நாளை மாற்றுங்கள்.

கல்யாணப் பெண்களிடம் இதைச் சொல்லி மாளாது. "அக்கா, முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கு, லிப்ஸ் மட்டும் பண்ணிடலாம்ல?" என்பாள். "இப்ப வேண்டாம்மா, நீலம் பாரிச்சுதுன்னா மேக்கப் போட்டாலும் மறையாது. முடிச்சுட்டு வா" என்றால் முகம் வாடிவிடும். விசேஷத்துக்கு நான்கு வாரம் முன்னால் முடித்துவிட வேண்டும், முதல்முறை என்றால் இரண்டு மாதம் முன்னாலேயே.

8. அன்றைக்கு அறையில்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள், காலி வயிற்றில் போனால் ஊசியைப் பார்த்ததும் தலைசுற்றும். மேக்கப் எதுவும் வேண்டாம்.

முதலில் போட்டோ எடுப்பார்கள், நேராகவும் பக்கவாட்டிலும். எடுக்கவில்லை என்றால் நீங்களே கேட்டு எடுக்கச் சொல்லுங்கள், வீங்கிய பிறகு பழைய முகம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. உட்கார்ந்த நிலையில்தான் பேனாவால் குறி போட வேண்டும். படுத்தால் கன்னம் பின்னால் சரிந்து பள்ளம் மறைந்துவிடும். மரத்துப்போகும் கிரீம் தடவி அரை மணியிலிருந்து முக்கால் மணி வைப்பார்கள். பல ஃபில்லர்களில் லிடோகெயின் என்ற மரத்துப்போகும் மருந்து 0.3 சதவீதம் கலந்தே வரும், அதனால் இரண்டாவது குத்தலிலிருந்து வலி குறையும்.

பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் நான் பார்ப்பது இவை: சீல் உடையாமல் இருக்கிறதா, காலாவதித் தேதி, லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண்), இந்தியாவில் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், இறக்குமதி உரிம எண், ரூபாயில் விலை. ஃபில்லர் இங்கே மருத்துவச் சாதனமாகக் கட்டுப்படுத்தப்படுகிறது, இறக்குமதி உரிமம் இல்லாமல் விற்க முடியாது. வெளிநாட்டு எழுத்து மட்டும் இருந்து இந்திய ஸ்டிக்கரே இல்லை என்றால் யாரோ பெட்டியில் கொண்டுவந்த சரக்கு, அசலா போலியா என்று டாக்டருக்கே தெரியாது. உள்ளே லாட் எண் உள்ள சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று உங்கள் ஃபைலில் ஒட்டப்படும், இன்னொன்றைக் கேட்டு வாங்கி பத்திரமாக வையுங்கள். மறந்துவிடாமல் அதையும் போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

கூர் ஊசியா, முனை மழுங்கிய கேனுலாவா என்று கேட்பீர்கள். கேனுலா ஒரே துளை வழியாகப் போய் பல இடங்களுக்கு ஜெல்லைக் கொண்டுபோகும், ரத்தக் குழாயைக் கிழிக்கும் வாய்ப்பும் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. கருத்த தோலில் ஒவ்வொரு குத்தலும் கொஞ்ச நாள் கரும்புள்ளியாகத் தங்கக்கூடும், அந்த விதத்திலும் குத்தல் குறைவது நல்லது. உதட்டு ஓரம் மாதிரி நுணுக்கமான வேலைக்கு ஊசிதான் வசதி.

ஊசி போடும்போது டாக்டர் மெதுவாகத் தள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போட்டுவிட்டு நிறுத்தி, சுற்றியிருக்கும் தோலைப் பார்த்து, விரலால் அழுத்தி எடுத்து நிறம் திரும்புகிறதா என்று கவனிக்க வேண்டும். இரண்டு நொடிக்குள் நிறம் வந்துவிட்டால் ரத்தம் ஓடுகிறது. நம் நிறத்தில் வெளுப்பது சட்டென்று கண்ணுக்குத் தெரியாது, அதனால் மறுபக்கத்தையும் அழுத்தி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், உதடு என்றால் உட்புறத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். நடுவில் கூர்மையான வலியோ, போடும் இடத்தை விட்டு வேறு இடத்தில் வலியோ, கண்ணில் ஏதாவது மாற்றமோ தோன்றினால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முடிந்ததும் கால் மணி நேரமாவது அங்கேயே உட்காருங்கள்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

வீக்கம் வரும். உதட்டில் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சம், 'ஐயோ இப்படியே நின்றுவிடுமா' என்று பயந்து போன் செய்வார்கள், நிற்காது. ரத்தக்கட்டு ஒரு வாரம், பத்து நாளில் மறையும். தொட்டால் சின்னக் கட்டி மாதிரி தட்டுப்படுவது இரண்டு வாரத்தில் அடங்கும். அதை நீங்களாகப் பிசைந்துவிடாதீர்கள், டாக்டர் சொன்னால் மட்டும். அழகு எப்படி வந்திருக்கிறது என்று இரண்டு வாரம் கழித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும், அதற்கு முன்னால் கண்ணாடி பொய் சொல்லும்.

முதல் நாள் குத்திய இடத்தில் மஞ்சள், சந்தனம், பவுண்டேஷன் எதுவும் வேண்டாம், துளை மூடட்டும். ஓரிரு நாள் உடற்பயிற்சி, வெயில், ஆவி பிடிப்பது, சூடான எண்ணெய்க் குளியல் எல்லாவற்றுக்கும் லீவு. பார்லரில் ஃபேஷியல், மசாஜ் இரண்டு வாரம் கூடாது. கன்னத்திலோ தாடையிலோ போட்டவர்கள் முழு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வண்டியில் வீட்டுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன், கன்னத்து மெத்தை நேராக அங்கேதான் அழுத்தும். ஆட்டோவில் போங்கள். குப்புறப் படுக்காமல் இரண்டு மூன்று நாள் தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி மல்லாந்து படுங்கள்.

10. எதற்கு உடனே ஓட வேண்டும்

இதை வீட்டில் இருப்பவர்களும் ஒருமுறை படிக்கட்டும்.

ரத்தக் குழாய் அடைபட்டால் முதலில் தோல் வெளுக்கும், சில நொடிகளோ நிமிடங்களோ இருந்துவிட்டுப் போகும், அதனால் கவனிக்காமல் விட வாய்ப்பு அதிகம். பிறகு வலைப்பின்னல் மாதிரி ஊதா நிறக் கோடுகள் பரவும், அந்த இடம் தொட்டால் சில்லென்று இருக்கும், அழுத்தினால் நிறம் மெதுவாகத் திரும்பும். சாதாரண ரத்தக்கட்டு ஒரே திட்டாக, தொட்டால் மட்டும் வலிக்கிற மாதிரி இருக்கும். அடைப்பில் வலி நேரம் ஆக ஆகக் கூடும். லிடோகெயின் இருப்பதால் முதல் சில மணி நேரம் வலியே தெரியாமலும் போகலாம். இரண்டு மூன்று நாளில் அதே இடத்தில் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள் கிளம்பும், பரு என்றும் அக்கி என்றும் நினைத்துக் கிரீம் தடவிக்கொண்டிருந்தால் அடுத்து தோல் கருத்து அழுகத் தொடங்கும். குத்திய இடத்துக்குத் தள்ளியும் இது வரலாம். மடிப்பில் போட்டு மூக்கு நுனியில் வருவது உண்டு.

சந்தேகம் வந்தால் ஐஸ் வைக்காதீர்கள், குழாய் இன்னும் சுருங்கும். வெதுவெதுப்பான துணி வைத்துக்கொண்டு, தெளிவான போட்டோவும் விரலால் அழுத்தி எடுக்கும் வீடியோவும் டாக்டருக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்காக உட்கார்ந்திருக்காமல் கிளம்புங்கள். ராத்திரி பதினொரு மணியானாலும் அதே கதைதான். அதற்காகத்தான் போகும்போதே டாக்டரின் சொந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும், ரிசப்ஷன் எண்ணை நம்பிப் பயனில்லை. முதல் நாளிலேயே ஹைலுரானிடேஸ் போட்டுவிட்டால் பெரும்பாலும் தழும்பில்லாமல் சரியாகிவிடும்.

பார்வை மங்குவது, ஒரு பக்கம் தெரியாமல் போவது, கண்ணுக்குள் கடும் வலி, இமை தொங்குவது, கூடவே வாந்தி, இதில் எதுவானாலும் கண் அவசரப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த நிமிடமே போக வேண்டும். விழித்திரை ரத்தமில்லாமல் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும் என்று கணக்கு. பேச்சு குழறினாலோ ஒரு பக்கம் கை கால் பலவீனமானாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

வாரங்கள், மாதங்கள் கழித்துச் சிவந்து சூடாகக் கட்டி கிளம்பினால் அது வேறு கதை: கிருமித் தொற்றோ, உடம்பின் எதிர்ப்போ. சளிக் காய்ச்சலுக்குப் பிறகோ பல் சிகிச்சைக்குப் பிறகோ தடுப்பூசிக்குப் பிறகோ ஃபில்லர் இருக்கும் இடம் திடீரென்று வீங்குவதும் உண்டு, பெரும்பாலும் மருந்தில் அடங்கும். ஒரே நாளில் ஆபத்தில்லை, ஆனாலும் காட்ட வேண்டும்.

11. பிடிக்கவில்லை என்றால், தீர்ந்துபோனால்

உதட்டில் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், கன்னத்திலும் தாடையிலும் ஒன்றரை இரண்டு வருடம் என்று சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியும் பலன் குறைந்தாலும் ஜெல் முழுக்கப் போய்விடுகிறது என்று நினைக்காதீர்கள். கண்ணடியிலும் நடுமுகத்திலும் பல வருடம் கழித்துக்கூட எம்ஆர்ஐ ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. அதனால் காலண்டரைப் பார்த்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ளாதீர்கள், பழைய போட்டோவை வைத்துப் பார்த்து உண்மையில் குறைந்திருந்தால் மட்டும் போடுங்கள்.

கண்ணுக்குக் கீழே மேலோட்டமாகப் போட்டால் ஜெல் தோல் வழியே நீலச் சாம்பல் நிறமாகத் தெரியும். இதற்கு மேல் இன்னொரு ஃபில்லர் போட்டு மறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள், கரைப்பதுதான் வழி. அவசரமில்லாத நேரத்தில் கரைக்கும்போது முன்கையில் முதலில் அலர்ஜி சோதனை செய்துகொள்ளலாம். அடைப்பு மாதிரி அவசரத்தில் அதற்கெல்லாம் நேரம் இருக்காது. கரைத்த பிறகு அந்த இடம் ஓரிரு நாள் முன்பைவிடக் குழிந்த மாதிரி தெரியும், உடம்பின் சொந்த ஹைலுரானிக் அமிலம் சீக்கிரம் திரும்பிவிடும். மறுபடி போடுவதானால் இரண்டு வாரமாவது விடுங்கள்.

முகத்துக்கு ஸ்கேன் எடுக்கும்போதும், பல் டாக்டரிடமோ கண் டாக்டரிடமோ போகும்போதும் எங்கே எப்போது என்ன போட்டிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், ஸ்டிக்கர் போட்டோ இருந்தால் அதையே காட்டினால் போதும். ரேடியஸ் போட்டிருந்தால் சிடி ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும், விவரம் சொல்லாவிட்டால் அதை வேறு ஏதோ என்று நினைத்து இன்னும் நாலு டெஸ்ட் எழுதிக் கொடுப்பார்கள்.